கரையில் இல்லாதவர்களின் மன்றாட்டு

(வில்லியனூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவின் தலைப்பை அழைத்தவர்கள் என் விருப்பத்துக்கே விட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. நாட்டையே உலுக்கிய ஒரு பெருந்துயரம் நடக்கிறது. அதில் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர்கூட இறக்கவில்லை. அப்போது பலிபீடத்தின் முன் நின்று நாம் யாருக்காக, என்ன உரிமையில், என்ன சொல்லி மன்றாடுகிறோம்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6.29. நம் கரைக்கு அலை வந்து சேர்ந்தது ஒன்பது மணியை ஒட்டி. இந்தியாவில் இறந்தவர்களையும் காணாமற்போனவர்களையும் சேர்த்தால் 16,000 பேருக்கு மேல். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேரைத் தாண்டியது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 600ஐ ஒட்டிய உயிர்கள். அவற்றில் பெரும்பகுதி காரைக்காலில் போனவை. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு என்ற ஊர்ப்பெயர்களை அந்த வாரத்தில்தான் நம்மில் பலர் முதன்முதலாகக் கேட்டோம். புதுச்சேரி நகரத்தைக் கடலோரக் கற்சுவர் பெருமளவு காத்தது. குப்பங்களுக்கு அந்தச் சுவர் கிடையாது. பாகூர் கொம்யூன் என்றதும் ஏரியும் நெல்வயலும்தான் நம் கண்முன் வரும். ஆனால் அதே கொம்யூனின் கிழக்கு ஓரத்தில் நரம்பை, பன்னித்திட்டு, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் என்று மீனவர் ஊர்கள் இருக்கின்றன. அங்கே கடல் ஏறிற்று. இங்கே, கடலுக்கு ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வில்லியனூரில், செய்திதான் வந்தது. நான் பேசப்போவது செய்தியாக மட்டுமே அந்தச் சாவுகளை அறிந்தவர்களின் செபத்தைப் பற்றி.

முதலில் நாளைப் பாருங்கள். டிசம்பர் 26 கிறிஸ்து பிறப்பு விழாவின் எட்டு நாள்களுக்குள் வருகிறது. குடில் பிரிக்கப்படவில்லை, நட்சத்திரம் இறக்கப்படவில்லை. இறந்தோருக்கான தனித் திருப்பலியின் செபங்களையும் வாசகங்களையும் அந்த நாளில் எடுத்துக்கொள்ள வழிபாட்டு ஒழுங்கு எளிதில் இடம் தராது. பூசைக் கருத்தாக ஒப்புக்கொடுக்கலாம். விசுவாசிகள் மன்றாட்டில் சேர்க்கலாம். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மகிழ்ச்சியின் நடுவில்தான் இந்தத் துக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சிலருக்கு இது பொருந்தாததாகத் தோன்றுகிறது. 'விழா நாளில் சாவுப் பேச்சு எதற்கு?' என்று கேட்கிறார்கள்.

அவர்களுக்குத் திருச்சபையின் நாள்காட்டியையே காட்டலாம். கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் புனித ஸ்தேவான்: கல்லெறிந்து கொல்லப்பட்டவர், கொன்றவர்களுக்காக மன்றாடியபடி இறந்தவர். 28ஆம் தேதி மாசில்லாக் குழந்தைகள் விழா: ஏரோதின் வாளுக்குப் பலியான பெத்லகேம் பிள்ளைகள். தன் மக்களை இழந்து ஆறுதல் பெற மறுத்த ராகேலை மத்தேயு அந்த இடத்தில்தான் நினைவுகூர்கிறார். தொழுவத்துக்குப் பக்கத்திலேயே ஒப்பாரியையும் வைத்த நாள்காட்டி இது, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே. ஆழிப்பேரலையில் ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளும் அதிகமாகப் போனார்கள். ஆழ்கடலில் படகில் இருந்த ஆண்கள் பலர் அலை கடந்துபோனதை உணராமலே பிழைத்தார்கள். மீன் வாங்கக் கரையில் காத்திருந்த பெண்களும், வீட்டிலும் மணலிலும் இருந்த பிள்ளைகளும் அகப்பட்டுக்கொண்டார்கள். ராகேலின் வாசகம் படிக்கப்படும் வாரத்தில் அவர்களை நினைப்பது விழாவுக்கு இடைஞ்சல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, என்ன சொல்லி மன்றாடுவது என்பது. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இயேசுவிடம் சிலர் ஒரு செய்தியோடு வருகிறார்கள். கோயிலில் பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான் என்கிறார்கள். இயேசு தாமே இன்னொரு செய்தியைச் சேர்க்கிறார்: சிலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். ஒன்று மனிதன் செய்த கொலை, வழிபாட்டின் நடுவில். மற்றொன்று கட்டடம் சரிந்த விபத்து. அந்தக் காலத்து எருசலேமில் ஊரெல்லாம் பேசிய பெருந்துயரங்கள் இவை. வந்தவர்கள் மனத்தில் இருந்த கேள்வி நம் மனத்திலும் இருப்பதுதான்: அவர்களுக்கு ஏன்? அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இயேசு அந்தக் கேள்வியை அடியோடு மறுக்கிறார். மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகள் அல்லர் என்கிறார். பிறகு பேச்சைக் கேட்பவர்கள் பக்கம் திருப்பி, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார்.

இறந்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை நிறுத்துகிற இடத்தில்தான் அவர்களுக்கான செபம் தொடங்குகிறது என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இதை வேளாங்கண்ணியை வைத்துச் சொல்ல வேண்டும். அங்கேதான் இது நம்மைச் சுடுகிறது. அன்று காலை பேராலயத்துக்குள் பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள்; பெயர் தெரியாமல் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. உள்ளே இருந்தவர், 'மாதா என்னைக் காப்பாற்றினாள்' என்று கண்ணீரோடு சொல்கிறார். அது அவருடைய நன்றி. அதில் குறுக்கிட யாருக்கும் உரிமை இல்லை. அதே சொல்லை மூன்றாம் மனிதர் எடுத்து, 'கோயிலில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கடற்கரையில் வேடிக்கை பார்த்தவர்கள் போனார்கள்' என்று சொல்லும்போது அது கொடுமையாகிவிடுகிறது. கடலில் கால் நனைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவதும், கோயிலுக்குப் போய்விட்டுக் கடலுக்குப் போவதும் வேளாங்கண்ணி யாத்திரையில் எல்லாரும் செய்வது. பிள்ளையைக் கைப்பிடித்துக் கடலுக்குப் போன தாய் என்ன குறை செய்தாள்? அவள் செத்ததற்குக் காரணம் தேடுகிற செபம், லூக்காவின் இயேசுவுக்கு எதிரே நிற்கிறது. வேளாங்கண்ணியில் ஆண்டுதோறும் அதே நாளில் நினைவுத் தூணுக்கு அமைதி ஊர்வலமாகப் போய், எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து மன்றாடுகிறார்கள். அந்த ஊர் நமக்குக் காட்டும் வழி அதுதான்.

குமரிக் கடற்கரையில் நினைவுக்கு வேறு முகம். குளச்சல் காணிக்கை அன்னை ஆலய வளாகத்தில் 414 பேர் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மணக்குடி புனித அந்திரேயா ஆலயத்தில் 119 பேர். டிசம்பர் 26 வந்தால் உறவினர்கள் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுவந்து, கல்லறைமேல் விழுந்து அழுகிறார்கள். அங்கே நினைவுகூரும்படி யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உள்நாட்டில் இருக்கும் நமக்கு அப்படி இல்லை. நாம் தீர்மானம் செய்தால்தான் நினைவு இருக்கும். விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் விசுவாசிகள் மன்றாட்டின் கடைசி வரியாகி, பிறகு அந்த வரியும் போய்விடும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். காரைக்காலின் குப்பங்களிலும் பாகூர் கொம்யூனின் குப்பங்களிலும் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களுக்குத் தங்கள் தெய்வங்களும் தங்கள் சடங்குகளும் உண்டு. ஆண்டு நினைவு நாளில் கடலில் பால் ஊற்றி, மலர் தூவிக் கும்பிடுகிறார்கள். அவர்களுடைய இறந்தோருக்காகக் கத்தோலிக்கப் பங்கு பூசை வைக்கலாமா? 'நம்மவர்களுக்காகச் செபிக்கவே நேரம் இல்லை' என்கிற குரலையும், 'அது அவர்களுக்குப் பொருந்துமா' என்கிற குரலையும் நான் பங்குகளில் கேட்டிருக்கிறேன். இரண்டாவது குரலில் ஒரு நல்ல கவலை இருக்கிறது. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

இறந்தோருக்காக மன்றாடுவதற்குத் திருச்சபை எப்போதும் எடுத்துக்காட்டும் பகுதி, மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம். போரில் இறந்த தம் வீரர்களை அடக்கம் செய்ய யூதா மக்கபே போகிறார். உடல்களை எடுக்கும்போது ஒவ்வொருவர் ஆடைக்கடியிலும் யாம்னியா ஊர்த் தெய்வங்களின் உருவங்கள் கட்டியிருப்பதைப் பார்க்கிறார்கள். யூதச் சட்டப்படி அது பெருங்குற்றம். யூதா அவர்களைத் தள்ளிவிடவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டி, 2,000 வெள்ளித் திராக்மாவை எருசலேமுக்கு அனுப்பி, அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்கிறார். கல்லறைத் திருநாளில் நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் இந்தப் பகுதியின் இந்த விவரத்தை நாம் கவனிப்பதே இல்லை. இறந்தோருக்கான மன்றாட்டுக்கு விவிலியத்தில் நாம் காட்டும் முதல் சாட்சி, மடியில் வேறு தெய்வத்தோடு செத்தவர்களுக்காக நடந்த மன்றாட்டு.

சட்டமும் இதற்கு வழிவிட்டிருக்கிறது. பழைய திருச்சபைச் சட்டத்தில் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு வெளிப்படையாகப் பூசை வைப்பதில் கட்டுப்பாடுகள் இருந்தன. 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் 901ஆம் பிரிவு, உயிரோடிருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் குரு திருப்பலியை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. 'யாருக்காகவும்' என்பதற்கு அங்கே ஒரு விலக்கும் இல்லை. ஆகவே நரம்பையில் ஒரு வீட்டில் இறந்தவருக்காக வில்லியனூரில் பூசை வைப்பது தாராள மனத்தின் சலுகை அல்ல. அது நம் வழிபாட்டுக்குள்ளேயே இருக்கிற உரிமை. கடமை என்றும் சொல்லுவேன்.

வில்லியனூருக்கு இந்தக் கடமை கூடுதலாக உண்டு என்று நான் நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன். பிரான்சின் லூர்து நகரில் 1858இல் மாதா காட்சி கொடுத்த இருபது ஆண்டுகளுக்குள், 1877இல், இங்கே லூர்தன்னைக்குக் கோயில் எழுந்தது. அந்த ஆண்டை நாம் பெருமையோடு சொல்கிறோம். அதே ஆண்டுக்குத் தமிழ் மக்களிடம் இன்னொரு பெயர் இருக்கிறது: தாது வருடப் பஞ்சம். 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் சுட்டெரித்த பஞ்சம். இந்தியா முழுதும் குறைந்தது 50 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. புதுச்சேரி மறைமாநிலத்தை அப்போது நடத்திவந்தவர் ஆயர் லவுனான். பின்னாளில், 1886இல், புதுச்சேரியின் முதல் பேராயர் ஆனவர். அவருடைய குருக்கள் பஞ்சத்தில் அநாதையான குழந்தைகளைச் சேர்த்துக் காத்தார்கள். சாகும் நிலையில் இருந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்த ஞானஸ்நானங்களைப் பற்றி இன்று வேறு கேள்விகளும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பசியோடு இருப்பவனிடம் மதத்தைக் கொண்டுபோவது எப்போதுமே கவனமாகப் பேச வேண்டிய விஷயம்.

எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது ஒன்று. ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு என்று பதிவேடுகள் இருக்கின்றன. அடக்கப் பதிவேட்டில் பங்கு அடக்கம் செய்தவர்கள்தான் இருப்பார்கள். கஞ்சி தேடி வந்து சாலையோரத்தில் விழுந்தவர்களுக்கு அங்கே வரி இல்லை. பஞ்சக் கும்மி பாடிய நாட்டுப்புறக் கவிஞர்கள் அவர்களுடைய துயரத்தைப் பாடி வைத்தார்கள்; பெயர் அங்கேயும் இல்லை. அவர்கள் செத்துக்கொண்டிருந்த ஆண்டில் எழுந்த கோயிலின் நிழலில் நாம் கூடியிருக்கிறோம். கோயில் திருவிழாவின்போது கட்டியவர்களுக்கும் உபகாரிகளுக்கும் மன்றாடுகிறோம். தாது வருடத்தில் செத்தவர்களுக்காக ஒரு கருத்து இருக்கிறதா? இருந்தால் மகிழ்வேன். இல்லையென்றால் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. காலை 8.45ஐ ஒட்டி கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், பிறகு மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கூடவே கொழும்பின் பெரிய ஓட்டல்கள்: அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு மறைக்கல்விக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர். பிலாத்து கொன்ற கலிலேயரைப் போல வழிபாட்டு இடத்திலேயே ரத்தம் சிந்தியவர்கள்.

அங்கே ஆண்டுதோறும் அதே நேரத்தில் மணியடித்து, மெளனம் காத்து, பூசை வைக்கிறார்கள். அதோடு நிற்பதில்லை. தாக்குதல் வரப்போகிறது என்று இந்திய உளவுத்துறை முன்கூட்டியே சொல்லியும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கர்தினால் மால்கம் ரஞ்சித் அந்தக் கேள்வியை இன்றுவரை விடவில்லை. 2021 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கர்கள் கறுப்பு உடுத்திப் பூசைக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாக்குதலின்போது ஜனாதிபதியாயிருந்தவரும் அதிகாரிகளும் கடமை தவறியதால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மட்டும் 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. மன்றாட்டும் நீதி கேட்பதும் அங்கே ஒரே வாயிலிருந்து வருகின்றன.

ஆழிப்பேரலை மனிதர் செய்ததல்ல. ஆனாலும் 6.29க்கும் ஒன்பது மணிக்கும் இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. இந்தியப் பெருங்கடலில் அப்போது எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஐதராபாத்தில் தேசிய எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்தான். இறந்தவர்களுக்காக மன்றாடும்போது அந்த இரண்டரை மணி நேரத்தையும் நாம் நினைக்க வேண்டும். இன்று எச்சரிக்கை ஐதராபாத்திலிருந்து வந்துவிடும். அது பன்னித்திட்டில் மீன் பிரித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் காதுக்கு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று கேட்பதும் டிசம்பர் 26இன் வழிபாட்டைச் சேர்ந்ததுதான்.

கொரோனாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிக் கடக்கிறேன். அது நம் எல்லாரையும் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. இழக்காத பங்கு என்று எதுவும் மிஞ்சவில்லை. ஆழிப்பேரலைக்குச் சில மாதங்களுக்கு முன் 2004இல் இந்த மறைமாவட்டத்தின் பொறுப்பேற்றவர் பேராயர் ஆனந்தராயர். பொறுப்பேற்றதும் கடலூர், புதுச்சேரிக் கரைகளின் துக்கம் அவர்மேல் விழுந்தது. ஓய்வுபெற்ற சில மாதங்களில், 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாள்களில் அவர் இறந்தார். சடங்கில்லாமல், சுற்றம் கூடாமல், உறைக்குள் சுற்றி அடக்கம் செய்யப்பட்ட நம் உறவுகளை அப்போது முகம் தெரியாதவர்களே சுமந்தார்கள். இறந்தவர் எந்தச் சமயம் என்று கேட்காமல் தோள் கொடுத்த இளைஞர்களை நாம் நம் கல்லறைத் தோட்டங்களிலேயே பார்த்தோம்.

இனி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் உள்நாட்டுப் பங்குகள் ஒவ்வொன்றும் ஒரு கடலோர ஊரை எடுத்துக்கொள்ளட்டும். அது பாகூர் கொம்யூனின் குப்பமாக இருக்கலாம், காரைக்காலின் ஊராகவும் இருக்கலாம். திருவருகைக் காலத்தில் பங்கிலிருந்து நாலைந்து பேர், பெண்களும் சேர்ந்து, அந்த ஊருக்குப் போக வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்து, 'உங்கள் ஊரில் கடல் கொண்டுபோனவர்களுக்காக எங்கள் கோயிலில் மன்றாட நினைக்கிறோம், பெயர் சொல்லலாமா?' என்று கேட்க வேண்டும். கையில் துண்டுப் பிரசுரம் வேண்டாம், அன்பளிப்புப் பை வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். மதம் மாற்ற வந்திருக்கிறார்களோ என்ற ஐயம் வந்தால் அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. வெளிப்படையாகப் பேசித் தெளிவுபடுத்த வேண்டும். அவர்கள் பெயர் தந்தால் 26ஆம் தேதி பூசையில் ஒவ்வொரு பெயரையும் வாசிக்க வேண்டும். பெயர் வேண்டாம் என்றால் ஊர்ப்பெயரை மட்டும் சொல்ல வேண்டும். எதுவுமே வேண்டாம் என்றால், வணங்கிவிட்டுத் திரும்பி வந்து, மெளனமாக ஒப்புக்கொடுக்க வேண்டும். அவர்கள் கடலுக்குப் பால் ஊற்றும்போது நம்மை அழைத்தால் போய்ப் பின்வரிசையில் நிற்கலாம்.

பூசைக்கான காணிக்கையை ஒரு பணக்காரர் கொடுத்து முடித்துவிடக் கூடாது. யூதா மக்கபே ஆளுக்கு ஆள் திரட்டியது போல, அன்பியங்கள் வழியாக வீட்டுக்கு வீடு, ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ, திரட்டப்பட வேண்டும். கேட்கப் போகும்போது எதற்காக என்று சொல்லியாக வேண்டுமே. அந்தச் சொல்லலில்தான், 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அன்று நடந்ததைக் கேட்பார்கள். மறைக்கல்வி ஆசிரியர்கள் அந்த வாரத்தில் பிள்ளைகளுக்குக் கடல் உள்வாங்கினால் என்ன செய்ய வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கட்டும்.

எந்தப் பங்கு எந்த ஊரை எடுத்துக்கொள்வது என்று இங்கே வந்திருக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்கள் இன்றைக்கே பேசத் தொடங்கலாம். காரைக்கால் ஊர்களுக்குப் போய்வர இங்கிருந்து முழுநாள் ஆகும். ஆகவே தூரத்து ஊர்களை ஆள்பலம் உள்ள பெரிய பங்குகள் எடுத்துக்கொள்வது நல்லது. பாகூர் பக்கத்துக் குப்பங்களைச் சிறிய பங்குகளுக்கு விட்டுவிடுங்கள்.